கோத்தகிரியிலிருந்து வந்த ஆறு செடிகள்

படப்பையில் நான் இப்போது குடியிருக்கும் தெருவில் வீட்டுக்கு வீடு தொட்டியில் ரோஜா இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிற ஓட்டத்திலும் என் வாசலில் நின்று, "ஆன்ட்டி, மொட்டெல்லாம் கருகிப் போவுது, இன்னா செய்யறதுன்னு தெர்ல" என்பாள். எனக்கும் தெரியாது என்று சொல்லிவிடுவேன். அது பொய். வெயிலில் ரோஜாவை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்குத் தெரியும். பனி விழுகிற மலையில், பாறை இடுக்கில், அதை எப்படிப் பிழைக்க வைப்பது என்பதும் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவளுக்கு நான் செய்ததைத்தான் யாரிடமும் சொன்னதில்லை. வயசாகிவிட்டது, எழுதியாவது வைக்கிறேன்.

அப்போது நாங்கள் ஒரகடத்துக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் இருந்தோம். இப்போது அந்த இடத்தில் ஒரு தொழிற்சாலையின் காம்பவுண்டு சுவர் போகிறது. 1991-ஆம் வருஷம் அங்கே சுவரும் கிடையாது, தொழிற்சாலையும் கிடையாது. ஒரு வீடு, ஆறு மாடு, பத்து வாய். அந்தப் பத்து வாய்க்கும் ஒன்பது வருஷமாக நான் ஒருத்தியே வடித்துக்கொட்டிக்கொண்டிருந்தேன். மூத்த மருமகள் என்றால் அப்படித்தான். அந்தத் தை மாதம் என் கொழுந்தனுக்குக் கல்யாணம் ஆகி, சின்னவள் வந்தாள்.

சின்னவள் எங்கள் மாமியாருக்கு அந்நியம் இல்லை, தம்பி மகள்தான். அந்தத் தம்பி வாலிபத்தில் கோத்தகிரிப் பக்கம் ஒரு பங்களாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவர். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டார். கூடப்பிறந்த அக்காளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபத்தை மாமியார் இருபத்தைந்து வருஷம் ஆறவிடாமல் வைத்திருந்தார். தம்பிமேல் இருந்த கோபம் போய்விட்டது, தம்பி பெண்டாட்டிமேல் போகவில்லை. "எந்தம்பிய மலையிலயே கட்டிப் போட்டுட்டா" என்று எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்கேதான் வந்து நிற்பார். ஆனாலும் தம்பி மகளைத்தான் சின்ன மகனுக்குக் கட்டினார். ரத்தம் ரத்தம்தானே என்றார்.

அவள் கொண்டுவந்த சீரைப் பார்க்க ஊரே வந்தது. வழக்கமான பாத்திரம் பண்டத்தோடு, நனைத்த சாக்கில் சுற்றி ஆறு ரோஜாச் செடிகள் இருந்தன. மேட்டுப்பாளையம் வரைக்கும் பஸ், அங்கிருந்து ரயில், தாம்பரத்துக்கு இன்னொரு ரயில், அங்கிருந்து மறுபடி பஸ். அத்தனை தூரமும் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். கல்யாணப் பெண் மடியில் சாக்கு மூட்டையா என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நிலம் என்று சொல்ல முடியாது. மேலே ஒரு சாண் செம்மண், அதற்குக் கீழே பாறை. கடப்பாரையைப் போட்டால் நெருப்புப் பொறி பறக்கும். கற்றாழையும் வேலிமுள்ளும் தவிர அங்கே எதுவும் வந்ததில்லை. அவள் அதைப் பார்த்து முகம் வாடவில்லை. சந்தோஷப்பட்டாள்.

"எங்க ஊர்லயும் இதேதானுங்க அக்கா. பங்களாத் தோட்டமே பாறை மேலதான் இருக்குதுங்க."

அந்த 'ங்க'வுக்கு எங்கள் வீட்டில் அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. மாட்டைக் கூடவா வாங்க போங்க என்பாய் என்று கொழுந்தனே கேலி செய்வான். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். மாவாட்டும்போதும் கீரை ஆயும்போதும் அந்தத் தோட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பாள். மார்கழி, தை மாதத்தில் அங்கே உறைபனி விழுமாம். காலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினமாதிரி வெளுத்துக் கிடக்குமாம். வெயில் ஏறுவதற்குள் அவள் அப்பா பூவாளி எடுத்துக்கொண்டு ஓடி, இலையில் இருக்கும் பனியைத் தண்ணீர் விட்டுக் கழுவுவாராம். கழுவாமல் விட்டால் வெயில் பட்டதும் இலை கருகிவிடுமாம். சாயங்காலம் சாக்கும் காட்டுப் பெரணித் தழையும் போட்டு மூடுவார்களாம். பனிக்காலம் முழுசாகப் போகிறவரைக்கும் கத்தரிக்கோலைத் தொட மாட்டாராம், முன்னாலேயே வெட்டினால் புதுத் துளிர் பனியில் செத்துவிடும் என்று. இவ்வளவு பாடு பட்டும் சீமையிலிருந்து வந்த பெரிய பெரிய ரோஜாவெல்லாம் அங்கே பிழைக்காதாம். பிழைத்தது இந்த ஒரு ஜாதிதான். சின்னப் பூ, வெளிறின ரோஸ் நிறம், வாசனை மட்டும் அறை முழுக்க நிற்கும் என்றாள். பங்களா ரோஜா என்பது அங்கத்துப் பெயர்.

மாசி மாதம் குழி எடுத்தாள். ஒவ்வொரு குழிக்கும் இரண்டு நாள் ஆனது. ஏரியிலிருந்து வண்டல் சுமந்து வந்து நிரப்பினாள், சாணி எரு போட்டாள், ஆறு செடியையும் வைத்தாள். வைத்துவிட்டு ஒவ்வொரு செடியின் அடியிலும் வட்டமாகக் கருங்கல்லை அடுக்க ஆரம்பித்தாள்.

"கல்லு எதுக்குடி?" என்று கேட்டேன்.

"பகல்ல வெயில வாங்கி வெச்சுக்குமுங்க அக்கா. ராத்திரி வேருக்குக் கதகதப்பா இருக்கும். அப்பா எல்லாச் செடிக்கும் இப்படித்தான் வெப்பாங்க."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கல் சித்திரையில் எப்படிக் கொதிக்கும் என்று எனக்குத் தெரியும். மதியத்தில் அந்தப் பாறையில் வெறுங்காலோடு நாய்கூட நடக்காது. நாங்கள் கத்தரிக்காய் நாற்று வைத்தால்கூட வைக்கோலோ பனை ஓலையோ போட்டுத்தான் அடியைக் குளிர்ச்சியாக வைப்போம். இதெல்லாம் சொல்ல அரை நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. எட்டின இடத்தில் இருந்த இரண்டு கல்லை நானே தூக்கிக்கொடுத்தேன்.

ஏன் என்று கேட்டால், கெடட்டும் என்றுதான். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் மாமியார் வாயில் 'எந்தம்பி பொண்ணு, எந்தம்பி பொண்ணு' என்று தேன் ஒழுகியது. ஒன்பது வருஷம் உழைத்த எனக்கு அப்படி ஒரு சொல் கிடைத்ததில்லை. செடியாவது சாகட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் பெரிய காரணம் எதுவும் அப்போது இல்லை.

கத்திரி வெயில் தொடங்கியதும் செடிகள் ஒவ்வொன்றாகப் போயின. அந்த மே மாதம் ஸ்ரீபெரும்புதூர் பெயர் உலகத்துக்கே தெரிந்துபோனது. பஸ் ஓடவில்லை, கடை திறக்கவில்லை, ஊர் முழுக்க அதே பேச்சு. அந்தக் களேபரத்திலும் இவள் கிணற்றுக்கும் பின்பக்கத்துக்கும் குடம் சுமந்துகொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்ற ஊற்ற வேர் அவிந்தது. நாலு செடி போய், ஐந்தாவதும் காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு மதியம் அவள் குனிந்து அந்தக் கல்லில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்து எல்லாக் கல்லையும் அள்ளி எறிந்தாள்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா?"

"எனக்கின்னாடி தெரியும், நான் இன்னா ரோஜா வெச்சவளா?"

நம்பினாள். அவள் குணம் அது.

பிழைத்தது ஒரே ஒரு செடி. குளிக்கிற தண்ணீர் ஓடுகிற பக்கம் இருந்ததால் அதன் அடி காயாமல் இருந்தது. அதற்கு ஓலை வெட்டிப் போட்டு, மேலே கீற்றில் ஒரு பந்தல் மாதிரி கட்டி, ஆனி முழுக்கக் காப்பாற்றினாள். பெரணி போட்டுப் பனியை மறைத்தவள் கீற்றைப் போட்டு வெயிலை மறைத்தாள். ஆடி பிறக்கும்போது அந்தச் செடி தளிர்விட்டுவிட்டது.

ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். அதற்கு அந்த வீட்டிலிருந்து ஆள் வந்து முறையாக அழைக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து ஆள் வரவில்லை, கடிதம்தான் வந்தது. அவள் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள், இருமல், மூச்சு விட முடியவில்லை, ஒண்டியாக விட்டுவிட்டு வர முடியாது, நீயே மாப்பிள்ளையோடு புறப்பட்டு வா என்று அப்பா எழுதியிருந்தார். அவள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மாமியாரிடம் போய் நின்றாள்.

மாமியார் கையைக் கழுவவில்லை. "கூப்புட ஆள் வராம எப்டி அனுப்பறது? எந்தம்பிய மலைல கட்டிப்போட்டா மாதிரி உன்னையும் கட்டிப்போட்டுக்க பாக்கறாளா?" என்றார். அவள் நகராமல் நின்றாள். மாமியாருக்கு என்ன தோன்றியதோ, பின்பக்கம் கையைக் காட்டி, "உங்க மலைச் செடி ஒண்ணு கீதே, அது எங்க மண்ணுல பூ பூக்கட்டும். அன்னிக்கே பஸ் ஏத்தி அனுப்பறேன், போ" என்றார்.

வீடே சிரித்தது. ஐந்து செடி செத்த மண் அது. என் சிரிப்புதான் எல்லாவற்றிலும் சத்தமாக இருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் மாமியாரிடம் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் 'இல்லை' என்பதைத் தவிர அந்த வாயில் வேறு வராது. நாலு நாள் கழித்து, தனியாக இருக்கும்போது, கால் பிடித்துவிடுகிற சாக்கில் மறுபடி கேட்டால் போதும், 'அதுக்கின்னா, போய்ட்டு வா' என்பார். இதைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு வருஷம் ஆனது. அதற்குள் வாலாஜாபாத்தில் என் தங்கை கல்யாணமே முடிந்துவிட்டது. பஸ் ஏறினால் அரைமணி நேரம். முதல் 'இல்லை'யோடு அழுதுகொண்டு உட்கார்ந்தவள் நான். எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்று சாயங்காலம் சின்னவள் மாட்டுக் கொட்டகைக்கு வந்து, "நீங்க அத்தைகிட்ட இன்னொரு வாட்டி கேட்டுப் பாக்கறீங்களா அக்கா? இல்ல நானே கேக்கட்டுங்களா?" என்றாள். கண் வீங்கியிருந்தது.

"வாயத் தொறக்காத. திருப்பிக் கேட்டா அவங்களுக்குக் கோவம் தலைக்கு ஏறும், அப்பறம் ஜென்மத்துக்கும் அனுப்ப மாட்டாங்க. பூத்தா அனுப்பறேன்னு சொல்லிட்டாங்க இல்ல, சொன்னா சொன்னதுதான். செடியப் பாத்துக்க" என்றேன்.

அவள் மலைக்குப் போனால் ஒரு மாதமோ இரண்டு மாதமோ, நோயாளியை விட்டுவிட்டு வரவே மாட்டாள். ஆறு மாடும் பத்து வாயும் மறுபடி என் தலையில். அவள் வந்த பிறகுதான் நான் மதியத்தில் முதுகைத் தரையில் சாய்த்திருந்தேன். அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை. அதோடு, என்னை யார் அனுப்பினார்கள் என்ற எரிச்சலும் இருந்தது. இரண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் அந்தச் செடிக்குப் பட்ட பாடு! சாணியைக் கரைத்துப் புளிக்கவைத்து ஊற்றினாள். வடிகட்டின டீத்தூளை ஒரு துளி வீணாக்காமல் போட்டாள். இலைக்கு அடியில் பூச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். புரட்டாசி மழையில் செடி இடுப்பு உயரம் வந்தது. ஐப்பசியில் ஒரு காலை, சாணி அள்ளப் போன நான்தான் முதல் மொட்டைப் பார்த்தேன். நுனிக் கிளையில், பட்டாணி அளவுக்கு. பச்சை உறை இன்னும் பிரியவில்லை.

நாலு நாள் விட்டுவைத்தேன். அவளும் பார்த்துவிட்டாள், யாரிடமும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு திரிந்தாள். அந்த நாட்களில் அவள் தேய்த்த பாத்திரம் பளபளத்தது. ஐந்தாம் நாள் விடிகாலையில், பச்சை உறை விரிந்து ரோஸ் நிறம் கோடு மாதிரி தெரிந்தபோது, நகத்தால் கிள்ளிச் சாணிக் கூடைக்குள் போட்டேன். அதன்மேல் இரண்டு கை சாணியைப் போட்டு மூடி, குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தேன்.

அவள் காம்பைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அணில் கடிச்சிருக்கும்" என்றேன்.

"இருக்குமுங்க" என்றாள். பிறகு தன்னையே தேற்றிக்கொள்கிற மாதிரி, "அப்பாவும் மொத வருசம் மொத மொட்டக் கிள்ளிடுவாங்க அக்கா, வேர் புடிக்கட்டும்னு. போகட்டுமுங்க" என்றாள்.

இரண்டாவது மொட்டுக்குப் பழைய கொசுவலையைக் கிழித்துக் கட்டினாள். வலையை அவிழ்த்துக் கிள்ளிவிட்டுப் பழையபடி கட்டிவைத்தேன். அணிலுக்கு முடிச்சுப் போடத் தெரியுமா என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளோடு சேர்ந்து நானும் குச்சியை எடுத்துக்கொண்டு அணில் விரட்டினேன். மூன்றாவது மொட்டைச் சுற்றி வேலிமுள்ளை வெட்டி வளைத்து நட்டுவிட்டாள். முள்ளுக்குள் கையை விட்டுக் கிள்ளினேன், மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் கிழித்துவிட்டது. அடுப்படியில் அவள் அதைப் பார்த்தாள். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. மஞ்சளைக் குழைத்து எடுத்துவந்து, என் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கீறல் கீறலாகத் தடவிவிட்டாள். எரிந்தது. அவள் ஊதிவிட்டாள்.

அந்த வாரமே இன்னொரு கடிதம் வந்தது. நான் படிக்கவில்லை. அவள் படித்துவிட்டு மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மாமியாரிடம் போய்க் கேட்கவில்லை. நான்தான் கேட்காதே என்று சொல்லிவைத்திருந்தேனே. செடியில் புதிதாக மூன்று மொட்டு ஊசிமுனை போல எட்டிப் பார்த்திருந்தது, அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கார்த்திகையில் தந்தி வந்தது. அம்மா போய்விட்டாள்.

மாமியார் ஒரு நிமிஷம் தாமதிக்கவில்லை. "இன்னாடி மரம் மாதிரி நின்னுகினு கீற? கெளம்பு, கெளம்பு" என்று தானே அவள் துணியை எடுத்துப் பையில் வைத்தார். கொழுந்தனோடு அனுப்பிவைத்தார். பஸ் போன பிறகு வாசலில் உட்கார்ந்து முந்தானையால் மூக்கைச் சிந்தினார். தம்பி பெண்டாட்டிக்காக அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"பைத்தியக்காரப் பொண்ணு. ஆடில ஒரு தபா கேட்டா, அதோட விட்டுட்டா. இன்னொரு வார்த்த கேட்டிருந்தா அனுப்பிச்சிருக்க மாட்டனா? பூ பூத்தாத்தான் அனுப்புவேன்னு நெசமாவா குந்திகினு இருந்தா?" என்றார். என்னைப் பார்த்து, "உனக்குத் தெரியுமே, நீயாவது அவளாண்ட சொல்லக் கூடாதா?" என்றார்.

எனக்கு அடுப்பில் வேலை இருந்தது, எழுந்து போய்விட்டேன்.

அவள் இல்லாத நாட்களில் மாடும் பாத்திரமும் என் தலையில்தான் விழுந்தன. இடுப்பு ஒடிந்தது. எதற்காக அத்தனையும் செய்தேனோ அது எப்படியும் நடந்துவிட்டது. செடிப் பக்கம் நான் போகவே இல்லை. கிள்ளுவதற்கு இனி ஒரு அவசியமும் இல்லை, அதனால் நினைப்பும் வரவில்லை. ஒரு நாள் சாணி கொட்டப் போனபோது வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்று பூ. அவள் சொன்ன மாதிரியே சின்னது, வெளிறின ரோஸ். முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பாவம், வந்து பார்த்தால் மனசு ஆறும் என்று நினைத்தேன். தண்ணீர்கூட ஊற்றினேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவள் வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். மாமியார் கட்டிப்பிடித்து அழுதார். அழுகை ஓயட்டும் என்று காத்திருந்து நானே அவள் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துப்போனேன்.

"இங்க பாரு, உஞ்செடி பூத்துடுச்சு" என்றேன். ஆறுதல் சொல்கிறவள் குரலில்தான் சொன்னேன்.

அவள் பூவைப் பார்த்தாள். மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நைந்துபோன கொசுவலைத் துண்டைப் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பார்த்தாள். கீறல் ஆறி வெள்ளைக் கோடாக இருந்தது.

"நான் போன பொறவு அணில் வரவே இல்லைங்களா, அக்கா?" என்று கேட்டாள்.

கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். பின்னாலேயே வந்த மாமியார், "அணிலா? இன்னா அணிலு?" என்றார். இப்போது சொல்லிவிடுவாள், இன்றோடு இந்த வீட்டில் என் கதை முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஒண்ணுமில்லைங்க அத்தை" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அதற்கப்புறம் வீடு பாகம் பிரிகிறவரைக்கும் பன்னிரண்டு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். அவள் யாரிடமும் சொல்லவில்லை. என்னை அக்கா என்று அவள் கூப்பிட்டது அன்றைக்குத்தான் கடைசி.